பெல்ட் பின்னால் ஓடினால் விமானம் மேலே ஏறுமா?

தம்பி, படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் எடுத்து வைக்கிறேன். ரன்வே அளவுக்கு நீளமும் அகலமும் உள்ள ஒரு கன்வேயர் பெல்ட். அதன் மேல் ஒரு விமானம் நிற்கிறது. விமானம் கிளம்பும்போது சக்கரங்கள் எந்த வேகத்தில் முன்னே உருள்கின்றனவோ, அதே வேகத்தில் பெல்ட் பின்னே ஓடுகிறது. விமானம் மேலே எழும்புமா, நின்ற இடத்திலேயே நிற்குமா? காரைக்குடியில் உங்கள் விடுதி அறையில் எட்டுப் பேர் இரண்டு நாளாக இதைப் பேசுகிறீர்கள் என்றும், ஐந்து பேர் எழும்பாது என்கிறார்கள், மூன்று பேர் எழும்பும் என்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

எழும்பும். வழக்கமான ரன்வேயில் எவ்வளவு தூரம் ஓடுமோ கிட்டத்தட்ட அதே தூரம் ஓடி, அதே வேகத்தை எட்டி எழும்பும்.

ஆனால் அந்த ஐந்து பேரையும் ஒதுக்கிவிடாதீர்கள். அவர்கள் சொல்கிற காரணத்தில் பாதி முழுக்கச் சரி. இறக்கையின் மேல் காற்று ஓடினால்தான் விமானம் மேலே ஏறும். டிரெட்மில்லில் ஓடுகிறவர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அவர் முகத்தில் காற்று அடிப்பதில்லை. ஆகவே நின்ற இடத்தில் சக்கரம் மட்டும் சுற்றுகிற விமானம் ஏறாது. இதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க முடியாது. அவர்கள் தவறுவது அதற்கு முந்திய படியில். விமானம் நின்ற இடத்தில்தான் இருக்கும் என்று எப்படி முடிவு செய்தார்கள்? டிரெட்மில் மனிதரையும் காரையும் மனதில் வைத்துத்தான். அந்த இரண்டுமே தரையை உதைத்து முன்னேறுபவை. விமானம் அப்படி முன்னேறுவதில்லை.

நம் பக்கத்து மாட்டுவண்டி எல்கைப் பந்தயத்தை வைத்துச் சொல்கிறேன். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து ஓட்டுகிறார்களே, அதில் ஏதாவது ஒரு ஜோடி. வண்டியை முன்னே கொண்டுபோவது எது? மாட்டின் குளம்பு. குளம்பு ரோட்டைப் பின்னே தள்ளுகிறது, ரோடு மாட்டை முன்னே தள்ளுகிறது, அந்தத் தள்ளு நுகத்தடி வழியாக வண்டிக்கு வந்து சேர்கிறது. சக்கரம் எதையும் தள்ளுவதில்லை. அச்சில் சும்மா சுற்றிக்கொண்டு, வண்டியின் பாரத்தைத் தாங்கி, கூடவே வருகிறது. அவ்வளவுதான் அதன் வேலை.

இப்போது அந்த வண்டிக்கு அடியில் பெல்ட் போடுவோம். முதலில் மாடும் வண்டியும் இரண்டுமே பெல்ட்டின் மேல். பெல்ட்டை மாட்டின் ஓட்டத்துக்குச் சமமாகப் பின்னே ஓட்டினால் மாடு ஓடிக்கொண்டே இருக்கும், வண்டி ஓர் அடிகூட நகராது. டிரெட்மில் கதை இதுதான். உங்கள் ஐந்து நண்பர்கள் மனதில் இருக்கும் படமும் இதுதான்.

அடுத்ததாக, பெல்ட்டைச் சக்கரங்களுக்கு அடியில் மட்டும் போடுங்கள். மாடுகள் கெட்டியான ரோட்டில் நிற்கின்றன. பெல்ட்டை எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் பின்னே இழுங்கள். மாடு ஓடத் தொடங்கியதும் வண்டி போய்விடும். சக்கரம் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றும், கடையாணி கொஞ்சம் சூடாகும். மாட்டின் கால் நிற்கிற தரை நகராதபோது வண்டியைப் பிடித்து நிறுத்த அந்தப் பெல்ட்டால் முடியாது.

விமானம் இந்த இரண்டாவது வண்டி. அதன் மாடு காற்றில் கால் ஊன்றுகிறது. புரொபெல்லராக இருந்தாலும் ஜெட் என்ஜினாக இருந்தாலும் காற்றைப் பிடித்துப் பின்னே தள்ளுகிறது. காற்று விமானத்தை முன்னே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி நேரடியாக வேலை செய்கிற இடம் இது. பெல்ட் பின்னே ஓடுவது புரொபெல்லருக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் அது தொடுகிற காற்றுக்கும் பெல்ட்டுக்கும் சம்பந்தமில்லை.

விமானச் சக்கரங்களுக்கு என்ஜினோடு எந்த இணைப்பும் கிடையாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கியர் இல்லை, செயின் இல்லை. பிரேக் மட்டும் உண்டு. மதுரையிலோ திருச்சியிலோ விமானம் ஏறியிருந்தால் பார்த்திருப்பீர்கள்: நிறுத்திய இடத்திலிருந்து பின்னால் வருவதற்கு ஒரு டிராக்டர் வந்து மூக்குச் சக்கரத்தைப் பிடித்துத் தள்ளும். கார் போல ரிவர்ஸ் போட அதில் வழியில்லை. அப்புறம் ரன்வேயை நோக்கி ஊர்ந்து போவதும் என்ஜின் காற்றைத் தள்ளுகிற பலத்தில்தான். விமானி தன் வேகத்தைச் சக்கரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வதும் இல்லை. வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பிட்டோ குழாய் எதிர்க்காற்றின் அழுத்தத்தை அளந்து வேகம் சொல்கிறது. ஆன்றி பிட்டோ என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1732-ல் ஆற்றுநீரின் ஓட்டத்தை அளக்க உருவாக்கிய குழாய் அது. பெல்ட்டின் மேல் நிற்கும் விமானத்தில் என்ஜினை அணைத்துவிட்டுப் பெல்ட்டை மட்டும் ஓட்டினால், சக்கரம் எவ்வளவு வேகத்தில் சுற்றினாலும் விமானியின் முள் அசையாது.

சரி, பெல்ட் விமானத்தை இழுக்கவே இழுக்காதா? இழுக்கும், கொஞ்சம். டயர் நசுங்கி எழுவதாலும் பேரிங்கின் உராய்வாலும் ஒரு சின்ன பின்னிழுப்பு உண்டு. அது எவ்வளவு என்று கணக்குப் போடுவோம். நான்கு பேர் உட்காரக்கூடிய சிறிய விமானம், எடை 1100 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல தளத்தில் உருளும்போது பின்னிழுப்பு எடையில் ஏறக்குறைய 2 சதவீதம். 1100 கிலோவின் எடை சுமார் 10,800 நியூட்டன், அதில் 2 சதவீதம் ஏறக்குறைய 215 நியூட்டன். புரொபெல்லரின் உந்துவிசையை 2000 நியூட்டன் என்று கொள்வோம். பத்தில் ஒரு பங்குதான் போகிறது. பெல்ட்டின் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் இந்த இழுப்பும் இரண்டு மடங்காவதில்லை, கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். சாதாரண ரன்வேயில் ஓடும்போதும் விமானம் இந்த 215 நியூட்டனைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

கணக்கைவிடக் கண்ணால் பார்ப்பது நல்லது. நான் பள்ளியில் இயற்பியல் நடத்திய காலத்தில் பிள்ளைகளோடு இதைச் செய்து பார்த்திருக்கிறேன், செலவே இல்லை. உங்களில் யார் வீட்டிலாவது ஆத்தங்குடிக் கல் பதித்த முகப்போ வளவோ இருந்தால் அதைவிடத் தோதான இடம் கிடையாது. கால் பட்டுப் பட்டு வழுவழுப்பான அந்தத் தரையில் கோரைப்பாய் சிக்காமல் வழுக்கி வரும். பாயை நீளவாக்கில் விரித்து, அதன் மேல் குழந்தையின் நடைவண்டியை வையுங்கள். வண்டியில் ஒரு கயிறு கட்டி, பாய்க்கு முன்னால் தரையில் நிற்கிற ஒருவர் அதைப் பிடித்துக்கொள்ளட்டும். இன்னொருவர் எதிர்ப்பக்கம் நின்று பாயை இழுக்கட்டும். பாய் பின்னே போகும்போது கயிறு பிடித்தவர் இரண்டு விரலால் பிடித்திருந்தாலே வண்டி நின்ற இடத்தில் நிற்கும், சக்கரம் மட்டும் சுற்றும். விரலைக் கொஞ்சம் இழுத்தால் வண்டி முன்னே வந்துவிடும். பாயை இன்னும் வேகமாக இழுக்கச் சொல்லுங்கள், அப்போதும் அதே இரண்டு விரல் போதும். கயிற்றின் நடுவே ஒரு ஸ்பிரிங் தராசைக் கோத்துவிட்டால் இந்தப் பின்னிழுப்பு எவ்வளவு சின்னது என்று முள்ளிலேயே தெரியும்.

அதே பாயில் பேட்டரி பொம்மைக் காரை ஓடவிட்டு, அதன் வேகத்துக்குப் பாயை இழுத்துப் பாருங்கள். கார் நின்ற இடத்தில் நிற்கும். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்த பிள்ளைகள் யாரும் என்னிடம் மறுபடி இந்தச் சந்தேகத்தைக் கேட்டதில்லை. கயிறு பிடித்தவர் பாய்க்கு வெளியே நிற்கிறார் என்பதுதான் முழு விஷயமும். விமானத்துக்குக் காற்று அந்த 'வெளியே'.

பெரிய அளவிலும் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். 2008 ஜனவரியில் ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், நீளமான தார்ப்பாய் போன்ற விரிப்பின் மேல் ஒரு மிகச் சிறிய விமானத்தை நிறுத்தி, அந்த விரிப்பை ஒரு வண்டியில் கட்டி எதிர்ப்பக்கம் இழுத்தார்கள். விமானம் ஓடிப் போய் எழும்பிவிட்டது.

இனி, எழும்பும் என்று சொன்ன மூன்று பேருக்கு. அவர்களில் ஒருவர் சொன்னதாக நீங்கள் எழுதிய காரணம் இது: 'என்ஜின் வீசுகிற காற்றே இறக்கை மேல் ஓடுமே, அதனால் ஏறும்.' விடை சரி, காரணம் தவறு. புரொபெல்லர் பின்னே வீசும் காற்று இறக்கையின் ஒரு சின்னப் பகுதியில்தான் படுகிறது. இறக்கைக்கு அடியில் தொங்குகிற ஜெட் என்ஜின் காற்றை இறக்கையின் மேல் வீசுவதே இல்லை. அந்தக் காற்றே போதும் என்றிருந்தால் விமானத்தைக் கட்டிப்போட்டு என்ஜினை முழு வேகத்தில் ஓட்டினால் நின்ற இடத்திலேயே மேலே ஏற வேண்டும். எந்த விமான நிலையத்திலும் அப்படி நடப்பதில்லை. பெல்ட் இருந்தும் விமானம் முழுதுமாக முன்னே ஓடுகிறது, அதனால் இறக்கை முழுக்க எதிர்க்காற்று ஓடுகிறது, அதனால் ஏறுகிறது. இந்த மூன்றையும் இதே வரிசையில் சொன்னால்தான் விளக்கம் முழுமையாகும். தப்பான காரணத்தோடு சரியான விடை சொல்வதைப் பரீட்சைத்தாளில் நான் முழு மதிப்பெண்ணுக்கு ஏற்றுக்கொண்டதில்லை, இங்கேயும் ஏற்கவில்லை.

இந்தச் சண்டை ஓயாததற்கு இன்னொரு காரணம் கேள்வியின் வாசகத்திலேயே இருக்கிறது. இதில்தான் எனக்கு அதிக ஈடுபாடு. 'சக்கரத்தின் வேகம்' என்றால் என்ன? விமானம் ரன்வே ஓரத்தில் நிற்கிற ஒரு மரத்தைத் தாண்டிப் போகிற வேகமா, அல்லது டயரின் விளிம்பு சுற்றுகிற வேகமா?

மரத்தைத் தாண்டும் வேகம் என்று எடுத்தால் சிக்கலே இல்லை. விமானம் மணிக்கு 100 கிலோமீட்டரில் முன்னே, பெல்ட் 100-ல் பின்னே, டயர் 200-ல் சுற்றுகிறது. சிறிய விமானம் ஏறக்குறைய 100-ல் தரையை விட்டுவிடும். பெரிய பயணிகள் விமானத்தில் ஒரு நடைமுறைத் தொல்லை உண்டு. அது எழும்ப மணிக்கு 250, 260 கிலோமீட்டர் வேண்டும். பெல்ட்டோடு சேர்ந்தால் டயர் 500-க்கு மேல் சுற்ற வேண்டியிருக்கும். அந்த டயர்களில் பலவற்றின் உச்ச வேகம் மணிக்கு 225 மைல், அதாவது சுமார் 360 கிலோமீட்டர். எழும்புவதற்கு முன்பே டயர் வெடிக்கலாம். அது டயரின் பலவீனம், இயக்க விதியின் தடை அல்ல.

டயர் விளிம்பின் வேகம் என்று எடுத்தால் கதை மாறுகிறது. வழுக்காமல் உருளும் சக்கரத்தில் விளிம்பின் வேகம், விமானத்தின் வேகத்தையும் பெல்ட்டின் வேகத்தையும் கூட்டினால் வருவது. பெல்ட்டின் வேகம் இந்த விளிம்பு வேகத்துக்குச் சமம் என்று நிபந்தனை வைத்துவிட்டால், கழித்துப் பாருங்கள், விமானத்தின் வேகம் பூஜ்யம் என்றுதான் வரும். இது இயற்பியல் தந்த விடை அல்ல, கேள்விக்குள்ளேயே எழுதிவைத்த விடை. 'விமானம் நகரக்கூடாது என்று வைத்துக்கொள்வோம், விமானம் நகருமா?' என்று கேட்பது போல. உங்கள் ஐந்து பேரில் யாராவது இந்த அர்த்தத்தில் வாதாடியிருந்தால் அவர் தர்க்கம் பிழையில்லை. ஆனால் அந்த நிபந்தனையை எந்தப் பெல்ட்டாவது நிறைவேற்ற முடியுமா என்று அவரிடம் கேட்க வேண்டும்.

வியப்பு என்னவென்றால், கொள்கை அளவில் ஒரு வழி இருக்கிறது. பெல்ட் ஒரே வேகத்தில் ஓடும்வரை விமானத்தை அதனால் பிடிக்க முடியாது என்று பார்த்தோம். ஆனால் பெல்ட் விநாடிக்கு விநாடி வேகம் கூடிக்கொண்டே போனால், சக்கரத்தையும் மேலும் மேலும் வேகமாகச் சுற்ற வைக்க வேண்டும். சக்கரத்துக்கு எடை உண்டு, சுழற்சியை மாற்ற அது ஒத்துக்கொள்ளாது. ஆட்டுக்கல்லைச் சுற்றத் தொடங்கும்போது கை உணர்கிற அதே முரண்டு. அந்த முரண்டு பெல்ட்டுக்கும் டயருக்கும் இடையே ஒரு பின்னிழுப்பாக வெளிப்படும். மூன்று சக்கரமும் சேர்த்து 30 கிலோ, தட்டு வடிவம் என்று கொண்டால், இந்தப் பின்னிழுப்பு சக்கர எடையில் பாதியைப் பெல்ட்டின் முடுக்கத்தால் பெருக்கியது. அது 2000 நியூட்டன் உந்துவிசைக்கு ஈடாக வேண்டுமானால் முடுக்கம் 2000-ஐ 15-ஆல் வகுத்தது: விநாடிக்கு விநாடி 133 மீட்டர் வேகம் கூட வேண்டும். கீழே விழும் கல்லின் முடுக்கத்தைப் போல 13 மடங்குக்கு மேல். மூன்றாவது விநாடி முடிவில் பெல்ட் விநாடிக்கு 400 மீட்டரில் ஓடும், ஒலியைவிட வேகமாக. டயர் அதற்கு வெகு முன்பே தெறித்துப் போயிருக்கும். கல் கிரஷரில் ஜல்லி ஏற்றும் பெல்ட்டைப் பார்த்திருப்பீர்களே, மனிதன் நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் கூட. அதிலிருந்து இது எவ்வளவு தூரம் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்த அளவு வேகத்தில் ஓடும் அகலமான பெல்ட் தன்மேல் உள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு ஓடும். எந்தப் பக்கம்? விமானத்தின் மூக்கிலிருந்து வால் பக்கம். அதாவது விமானத்துக்கு எதிர்க்காற்று. விமானத்தைத் தடுக்கப் போட்ட பெல்ட்டே அது ஏறுவதற்குக் காற்றைக் கொண்டுவந்து கொடுக்கும்.

எதிர்க்காற்று என்றதும் நம் பழமொழி நினைவுக்கு வருகிறது: ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும். அம்மி பறக்காது, ஆனால் விமானம் விஷயத்தில் அதில் ஓர் உண்மை இருக்கிறது. இறக்கைக்கு வேண்டியது காற்றுக்கும் தனக்கும் இடையிலான வேகம் மட்டும்தான். மணிக்கு 100 கிலோமீட்டரில் எழும்பும் விமானத்துக்கு எதிரே 30 கிலோமீட்டர் காற்று வீசினால், தரையில் 70 ஓடினால் போதும். அதனால்தான் விமானங்கள் காற்றை எதிர்த்துக் கிளம்புகின்றன. திருச்சி, மதுரை ரன்வே இரண்டும் கிழக்கு மேற்காகக் கிடக்கின்றன. மேல்காற்று பலமாக வீசும் ஆடி மாதத்தில் மேற்கு நோக்கிக் கிளம்புவதுதான் விமானத்துக்குத் தோது. விமானம் தாங்கிக் கப்பலும் விமானத்தை அனுப்புமுன் காற்றை எதிர்த்துத் திரும்பி ஓடும், கப்பலின் வேகமும் எதிர்க்காற்றோடு சேரட்டும் என்று. தரை என்ன செய்கிறது என்பது இந்தக் கணக்கில் வருவதே இல்லை. 499-ல் ஆரியபட்டர் சொன்ன படகு உவமை இங்கே பொருந்தும்: படகில் முன்னே போகிறவனுக்குக் கரையில் நிற்பவை பின்னே போவதாகத் தெரிகிறது. வேகம் என்று சொன்னவுடன் எதைப் பார்த்து என்று கேட்க வேண்டும். உங்கள் அறையில் ஐந்து பேர் தரையைப் பார்த்தார்கள், விமானம் காற்றைப் பார்க்கிறது.

இதை நம் ஊரிலிருந்து கேட்டதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். கானாடுகாத்தான் பக்கம் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று இருக்கிறது, இப்போது விமானம் வருவதில்லை. உங்கள் கல்லூரிகளுக்கெல்லாம் நிலமும் பணமும் தந்த கோட்டையூர் அழகப்பச் செட்டியார், இங்கிலாந்தில் குரோய்டனில் விமானம் ஓட்டக் கற்று உரிமம் வாங்கியவர். பிறகு ஜூபிடர் ஏர்வேஸ் என்று ஒரு விமான நிறுவனத்தையே நடத்தினார். அவர் உண்டாக்கிய வளாகங்கள் இருக்கும் ஊரில் எட்டுப் பிள்ளைகள் இரண்டு நாள் தூக்கம் கெட்டு இதைப் பேசியது பொருத்தம்தான்.

கடைசியாக, கேள்வியின் ஓரத்தில் நீங்கள் கேட்டிருந்தது: பெல்ட் போட்டால் ஓடுதளத்தைச் சின்னதாக்கலாமா, நம் பழைய ஓடுதளத்தில் பெரிய விமானம் இறங்குமா? முடியாது. பெல்ட் பின்னே ஓடினாலும் விமானம் அதே தூரம் முன்னே ஓடித்தான் ஆக வேண்டும்; பெல்ட்டுக்கும் ரன்வே நீளம் வேண்டும். பெல்ட்டை முன்னே ஓட்டினாலும் சக்கரம் சும்மா சுற்றுவதால் பெரிதாக உதவாது. பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முன்னே ஓடும் பெல்ட்டில் நின்றால் மட்டும் பெல்ட் விமானத்தைச் சுமந்துகொண்டு போகும். அப்போது பெல்ட் ஒரு தள்ளுபொறியாகிவிடுகிறது. சில விமானம் தாங்கிக் கப்பல்களில் நீராவியாலோ மின்காந்தத்தாலோ இயங்குகிற உந்துபொறி அதே வேலையைத்தான் செய்கிறது, ஆனால் அது சக்கரத்தை விட்டுவிட்டு விமானத்தின் முன்காலையே நேராகப் பிடித்து இழுக்கிறது. பாய்ச் சோதனையில் கயிறு பிடித்தவர் செய்ததும் அதேதான். இந்த வாரம் யாராவது ஊருக்குப் போனால் வரும்போது ஒரு நடைவண்டியும் கோரைப்பாயும் கொண்டுவரச் சொல்லுங்கள். விடுதி வராந்தாவின் தரை கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தால் பாய்க்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள், இழுக்கச் சுலபமாக இருக்கும்.